ஐந்து வீசை ஆத்தா

எங்கள் குடும்பத்தின் முதல் மனிதர் கொச்சிக்கு வந்தது, மகாராஜா ஆளனுப்பிக் கூப்பிட்டதால்தான் என்று நாங்கள் நம்பியிருந்தோம். மிளகு நிறுப்பதில் அவரைப்போல் கை சுத்தமானவர் தஞ்சாவூர்ச் சீமையிலேயே கிடையாது என்று மகாராஜாவின் காதுக்கு எட்டியதாம். மட்டாஞ்சேரிப் பண்டகசாலையில் துலாக்கோல் பிடிக்க அழைப்பு வந்ததாம். அவரும் குலதெய்வத்தைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு மலை தாண்டி நடந்து வந்தார். வழியில் எங்கும் இறக்கி வைக்கவில்லை. மட்டாஞ்சேரியில் இறக்கினார், அதற்குமேல் தெய்வம் நகர மறுத்துவிட்டது. ஆகவே நாங்கள் மட்டாஞ்சேரிக்காரர்கள் ஆனோம்.

இதை வீட்டுப் பெரியவர் சொல்லும்போது யாரும் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. கேட்டவள் அப்பாவின் தங்கை ஒருத்திதான். "எங்கயும் எறக்கி வைக்காம வந்தாருன்னா, வழியில ஒண்ணுக்கு எப்படிப் போனாரு?" என்று ஏழு வயதில் தன் தகப்பனாரைக் கேட்டு அவள் அறை வாங்கினாள். அறுபது வயதில் அந்தக் கதையை எனக்குச் சொன்னபோது, அறை விழுந்த கன்னத்தைத் தடவிக்கொண்டு, "பதில் மட்டும் இன்னிய வரைக்கும் கிட்டலை கேட்டோ" என்றாள்.

அத்தையின் பெயரை நான் எழுதாமல் விடுவதில் அவளுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இஞ்சிக் கிடங்கில் சாக்கு தைப்பவர்களுக்கு அவள் சேச்சி, மீன்காரிக்கு நாத்தனார், மூலைக்கடை குஜராத்திப் பெரியவருக்கு மகள். எவரைப் பார்த்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஓர் உறவைக் கண்டுபிடித்துவிடுவாள். அதுதான் அவள் தொழில், பொழுதுபோக்கு, வியாதி. ஓய்வு பெறும்வரை தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊர்களை ஊர்களோடு இணைத்துப் பழகிய கை, வேலை போன பிறகும் சும்மா இருக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

உறவு கண்டுபிடிக்க அவளுக்கு வம்சாவளி தேவைப்படவில்லை. கும்பளங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பக்கத்து இலையில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணியைத் "தங்கச்சி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். எப்படித் தங்கை ஆனாள் என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர்தான் பல் பிடுங்கினது, மோளே. ஒரே கொறடு. ரத்த பந்தம் அல்லே?"

வைட்டிலா பேருந்து நிலையத்தில் நாங்கள் தவறவிட்ட வண்டிகளுக்குக் கணக்கில்லை. நடத்துநர் விசில் ஊதும் நேரத்தில் அத்தை அவருடைய மாமியார் வீடு சுள்ளிக்கல்லில் எந்தச் சந்து என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். வண்டி போய்விடும். அவள் நஷ்டப்பட்டவள்போல் ஒருநாளும் இருந்ததில்லை. "வண்டி இன்னொண்ணு வரும். அந்தச் சேட்டன் நம்ம மச்சானாக்கும்" என்பாள்.

என் தாய் நான் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டதால், மட்டாஞ்சேரி வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: அப்பா, அத்தை, நான். நான்காவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வதானால், பூஜை அறையில் செம்பட்டு சுற்றி அமர்ந்திருந்த குலதெய்வம். அதை நாங்கள் ஆத்தா என்போம். வேறு பெயர் எவருக்கும் தெரியாது.

ஆத்தாவை எவரும் பார்க்கக் கூடாது. இது எங்கள் வீட்டுக் கட்டளை. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், வீட்டின் மூத்த ஆண் கண்களை மூடிக்கொண்டு பழைய பட்டை அவிழ்த்து, எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் பூசி, புதுப் பட்டைச் சுற்ற வேண்டும். கூட நிற்பவர்களும் கண்களை மூடியிருக்க வேண்டும். பூசிய எண்ணெயில் ஆத்தா வழுக்குவாள். அப்பா இருட்டில் மீன் பிடிப்பவர்போல் தடுமாறுவார். "பிடி, பிடி, அந்தப் பக்கம் பிடி!" என்பார். "எந்தப் பக்கம்ணா? எனிக்கும் கண்ணு மூடியாக்கும் இருக்குது!" என்பாள் அத்தை. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அத்தையின் சிரிப்பு பாதியில் நிற்கக்கூடியதல்ல. தரையில் உட்கார்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய முடிந்தால்தான் முடியும். அவ்வளவு சிரிப்பிலும் கண்ணைத் திறக்காமல் இருந்தாள் என்பதை நான் வெகுகாலம் நம்பினேன்.

கண்ணை மூடியே தொட்டதில் அப்பா ஒன்றைக் கண்டறிந்திருந்தார். "ஆத்தாவுக்கு மூக்குத்தி உண்டு. பெரிய வளையம். நான் தொட்டிருக்கேனாக்கும்." அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். உண்மையில் பார்ப்பதெல்லாம் முன்பே முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் நானும் எர்ணாகுளம் நூலகம் ஒன்றில் ஒரே புத்தகத்துக்குக் காத்திருந்து பழகியவர்கள். கொச்சியிலேயே பொறியாளர் வேலை. பெற்றவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. அவருடைய தாய் வந்து அமர்ந்து, அத்தை கொடுத்த சாயாவைக் குடித்து, கப்பைக் கிழங்கைப் புகழ்ந்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்குக் குலசாமி எதுண்ணே?"

"ஆத்தா" என்றார் அப்பா.

"ஆத்தா சரிண்ணே. எந்த ஆத்தா? எந்த ஊரு?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"தஞ்சாவூர்ல ஆயிரம் ஊரு இருக்கே. கோயில் எங்கன இருக்கு?"

அப்பா மகாராஜாவிடம் தாவினார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பா நினைக்கக் கூடாது. எங்க பக்கம் ஒரே சாமியக் கும்பிடுறவுக பங்காளிக. அண்ணன் தங்கச்சி முறை. உங்களுக்கு எந்தச் சாமின்னே தெரியலைன்னா, நாளைக்கு எங்க சாமியாவே இருந்துருச்சுன்னா? கட்டி வச்சப்புறம் அண்ணன் தங்கச்சின்னு தெரிஞ்சா நான் எங்கன போய் முட்டுறது? கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எனக்கும் பொண்ணப் பிடிச்சுத்தான் இருக்கு."

அவர்கள் போன பிறகு அப்பா வாசலிலேயே நின்றார். அத்தை கோப்பைகளைக் கழுவினாள். கழுவிய கோப்பைகளையே மீண்டும் கழுவினாள்.

"இதே கேள்விதான்" என்றாள், என்னைப் பார்க்காமல். "எனிக்கு மூணு வாட்டி வந்தாங்க. மூணு பேரும் இதே கேள்வி கேட்டுட்டுப் போனாங்க."

அவள் ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என்று நான் அதுவரை கேட்டதில்லை. அவள் அதைச் சொன்னதும் அந்த ஒருமுறைதான். கையைத் துடைத்துக்கொண்டு, "வா மோளே" என்று பூஜை அறைக்குள் போனாள்.

"அண்ணா, ஆத்தாவப் பாக்கப் போறேன். கண்ணைத் தொறந்துதான் பாக்கப் போறேன்."

"எடீ! கண்ணு போயிடும்!"

"போகாது. ஏழு வயசிலயே ஒருவாட்டி ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்தேனாக்கும். ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு இருட்டு, கறுப்பா உருண்டையா இருந்தது, அவ்வளவுதான் தெரிஞ்சது."

அப்பா அறைக்கு வெளியே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்களைப் பொத்திக்கொண்டார். அத்தை பட்டை அவிழ்த்தாள். வெளியே தெரிந்தது, காலங்காலமாகப் பூசிய எண்ணெயும் மஞ்சளும் பாறையாய் இறுகிப்போன ஒரு பிண்டம். உச்சியில் இரும்பு வளையம். அத்தை வெந்நீரில் துணி நனைத்து, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் ஒரு பக்கம் மட்டும் துடைத்தாள். கருங்கல் தெரிந்தது. கல்லில் எழுத்துகள் தெரிந்தன.

அத்தைக்கு மலையாளம் வாசிக்கும் வேகத்தில் தமிழ் வாசிக்க வராது. "நீ வாசி" என்றாள். நான் குனிந்து வாசித்தேன். ஓர் ஊரின் பெயர். அதன் கீழே "சந்தை". அதன் கீழே, "௫ வீசை".

"அஞ்சு வீசையா?"

"ஐந்து வீசை, அத்தை. அந்தக் காலத்து எடைக்கல்."

அத்தை என்னைப் பார்த்தாள். ஆத்தாவைப் பார்த்தாள். வெளியே சுவரைப் பார்த்து நிற்கும் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு மெல்ல, மிக மெல்ல, தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மூலைக்கடைப் பெரியவர் ஓடிவந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. எத்தனை தலைமுறையாகப் படையல், எத்தனை பட்டு, பரீட்சைக்கு முன் நான் போட்ட எத்தனை தோப்புக்கரணம்!

"எந்தா? எந்தாடீ ஆச்சு? ஆத்தா எப்படி இருக்கா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"அளவா இருக்கா, அண்ணா!"

உண்மையைச் சொல்லி முடித்தபோது அப்பா கேட்டது ஒன்றுதான். "அப்போ மூக்குத்தி?"

அத்தையின் சிரிப்பு நின்றது. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வளையம், அண்ணா. தூக்கறதுக்குள்ளது" என்றாள் மெதுவாக.

அப்பா இரண்டு நாள் பூஜை அறைப் பக்கமே போகவில்லை. எனக்கோ வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. கல்லில் இருந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இல்லை. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து தேடினேன். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தது. அவருடைய பெற்றோரின் ஊருக்கு மூன்றே கிலோமீட்டர்.

அத்தையிடம் காட்டினேன். வாழ்நாள் முழுவதும் சந்தித்த ஒவ்வொருவரோடும் உறவு கண்டுபிடித்தவள், அன்று வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த ஒரு ஆள்க்காரோட மட்டும் நமக்கு ஒரு சொந்தமும் வேண்டாம், ஆத்தா" என்று கல்லை நோக்கிக் கும்பிட்டாள். எடைக்கல் என்று தெரிந்த பிறகும் கும்பிட்டாள்.

அடுத்த வாரம் வைட்டிலாவில் குமுளி வண்டி ஏறினோம். என் கைப்பேசியில் கல்லின் படம் இருந்தது. அந்தப் பயணத்தில் அத்தை யாரோடும் பேசவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் தானாகவே, "சேச்சிக்கு எவிடயா வீடு?" என்று கேட்டதற்கு, "மட்டாஞ்சேரி" என்று ஒரு சொல்லில் முடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தால் எங்காவது ஓர் உறவு வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சியவள்போல் மலை முழுவதும் உதட்டை இறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஊரில் இறங்கி, சந்தை எங்கே என்று கேட்டோம். சந்தை இப்போது இல்லை, சந்தைக்கோயில்தான் இருக்கிறது என்றார்கள். வேப்பமரத்தடியில் ஓர் அம்மன். அத்தை வயதை ஒத்த பூசாரி ஒருவர் எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மனின் காலடியில் கல்மேடை. அதில் வரிசையாக ஐந்து குழிகள். நான்கு குழிகளில் வளையம் வைத்த கருங்கற்கள் உட்கார்ந்திருந்தன: பத்து வீசை, இரண்டு, இன்னொரு இரண்டு, ஒன்று. ஒரு குழி காலி.

அத்தை என் கையைக் கிள்ளினாள். நான் கைப்பேசியை நீட்டினேன். பூசாரி படத்தைப் பார்த்தார்; காலிக் குழியைப் பார்த்தார்; எழுந்து நின்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், எல்லாரும் வாங்கடா! அஞ்சு வீசையத் தூக்கிட்டு ஓடுனவன் வீட்டாளுக வந்துருக்காக!"

அரைமணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. மகாராஜாவை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் முதல் மனிதரை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். சந்தையில் ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் விடியற்காலையில் கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறிவிட்டார். எதற்காக என்பதில்தான் ஊர் இரண்டுபட்டிருந்தது. வடக்குத்தெருவில் அவர் திருடன். தெற்குத்தெருவில் அவர் உத்தமர்: வியாபாரி ஒருவன் மலைக்காரர்களை ஏய்ப்பதற்காக ஐந்து வீசைக்கு மேல் கனமாகக் கல்லைச் செய்து வைத்தான், அதை வைத்து நிறுக்க மனமில்லாமல் அவர் கல்லோடு ஊரைவிட்டே போனார்.

"திருட்டுப் பய வகையறாவா இருந்தாலும் உக்காருங்கத்தா, சாப்பிட்டுப் பேசுவோம்" என்றாள் வடக்குத்தெருக் கிழவி ஒருத்தி.

அத்தைக்குத் திருடனும் உத்தமரும் பொருட்டில்லை. அவள் பூசாரியிடம் போய், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊரையும், மாப்பிள்ளை வீட்டையும் சொல்லி, "அவங்களுக்கும் இந்தச் சாமிதானா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டு மாற்றும் நாளில் செய்வதுபோல் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

பூசாரி தாடையைச் சொறிந்தார். "அவுகளா? அவுக சாமி மலையடிவாரத்துல இருக்குது. வேற சாமி. அவுக நமக்கு மாமன் மச்சான் வகை. காலங்காலமா அவுக வீட்டுல எடுப்போம், கொடுப்போம். ஏன், பொண்ணு கொடுக்கப் போறீகளா? தாராளமாக் கொடுங்க."

அத்தை கண்ணைத் திறந்தாள். இறுக்கி வைத்திருந்த உதடு அவிழ்ந்தது. இனி ஊர் முழுவதையும் ஒரு கை பார்க்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ... நீங்க எனிக்கு யாரு?"

"இதென்ன கேள்வி? ஒரே சாமி. நான் உனக்கு அண்ணன், தங்கச்சி."

பல் பிடுங்கிய குறடு ஒன்றைக்கொண்டும், பேருந்துச் சீட்டைக்கொண்டும் ஆயிரம் உறவுகளைத் தானே செய்துகொண்டவள் அவள். முதன்முறையாக ஓர் உறவை இன்னொருவர் அவளுக்குச் சொன்னார். அத்தை முந்தானையின் நுனியை எடுத்தாள், வைத்தாள். பூசாரி பதறிப்போய், "என்னத்தா, தண்ணி குடிக்கியா?" என்றார். அத்தை தலையாட்டினாள். சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். அப்புறம்தான் அந்தச் சிரிப்பு வந்தது. வடக்குத்தெருவும் தெற்குத்தெருவும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தன.

அண்ணன் என்றால் அண்ணன்தான். ஆகவே அவர் ஒரு நிபந்தனையும் போட்டார். கல்யாணப் பத்திரிகையை முதலில் அம்மனின் காலடியில் வைக்க வேண்டும். வரும்போது கல்லும் கூட வர வேண்டும்.

அப்பாவைச் சம்மதிக்கவைக்க அத்தைக்கு ஒரு மாதம் பிடித்தது. "ஆத்தா தாய்வீடு போறா அண்ணா, கொண்டுவிட நீங்கதானே போகணும்?" என்று ஒருநாள் சொன்னாள். அப்பா போய்ப் புதுப் பட்டு வாங்கிவந்தார்.

மாசி மாதத்தில் நல்ல பகலில் புறப்பட்டோம். அப்பா ஆத்தாவை மடியில் வைத்திருந்தார். நடத்துநர், "இது எந்தா சாதனம்?" என்றார். "வயசான அம்மையாக்கும். ஒரு ஜன்னல் சீட்டு கிட்டுமோ?" என்றாள் அத்தை. ஆத்தா ஜன்னலோரம் அமர்ந்துதான் மலை ஏறினாள். குமுளி போய்ச் சேர்வதற்குள் நடத்துநர் எங்களுக்குச் சித்தப்பா முறை ஆகியிருந்தார்.

கோயிலில் என் வருங்கால மாமியார் முன்னதாகவே வந்து காத்திருந்தார். பழைய தராசை வேப்பங்கிளையில் கட்டியிருந்தார்கள். உத்தமரா திருடனா என்பதை அன்றே தீர்த்துவிட ஊர் முடிவு செய்திருந்தது. ஒரு தட்டில் இரண்டும் இரண்டும் ஒன்றுமாக ஐந்து வீசை. மறு தட்டில் ஆத்தா. பூசாரி கையை விட்டார். ஆத்தாவின் தட்டு இறங்கித் தரையைத் தொட்டது.

"பாத்தீகளா, கனத்த கல்லு! மனுசன் உத்தமன்!" என்று குதித்தது தெற்குத்தெரு.

"இருங்க, இருங்க" என்றாள் அத்தை. "எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும்னு இத்தனை காலம் ஊட்டி வளத்திருக்கோம். கனம் கூடாம என்ன செய்யும்?"

என் மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் பயனில்லை. "யக்கா, போதும்க்கா, வயிறு வலிக்குது!" என்று அத்தையின் தோளிலேயே சாய்ந்துவிட்டார். சுரண்டிப் பார்த்து நிறுக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு அப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார்: "நோகும்." ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே எங்கள் முதல் மனிதர் இன்றுவரை வடக்கே திருடராகவும் தெற்கே உத்தமராகவும் இருந்துவருகிறார்.

குழிக்குள் இறக்கும்போது அப்பாதான் வளையத்தைப் பிடித்திருந்தார். ஆத்தா உட்கார்ந்தாள், துருவேறிய வளையம் அப்பாவின் கையோடு வந்துவிட்டது. அவர் திகைத்து நின்றார். அத்தை அருகில் போய் அவர் விரல்களை மூடி, காதோடு, "மூக்குத்தியக் கழட்டித் தந்திருக்கா, அண்ணா. வச்சுக்குங்க" என்றாள்.

அதன்பின் ஆண்டுதோறும் அத்தை மாசி மாதத்தைப் பூசாரி அண்ணன் வீட்டில் கழித்தாள். போகும் வண்டியில் அவள் பழையபடி பேசினாள். வண்டிகள் பழையபடி தவறின. கடைசி ஆண்டு மருத்துவமனையில், ஊசி போட வந்த செவிலிப் பெண்ணிடம் கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும், "மோளே, நிண்ட அம்மை வீடு எவிட?" என்று கேட்டாள். பதில் வரும்வரை காத்திருந்தாள் என்று அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

அத்தை போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு அடுத்த ஆடியில் அப்பா போனார். மட்டாஞ்சேரி வீட்டில் நானும் என் கணவரும் இருக்கிறோம். செம்பட்டு சுற்றிய ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. ஆடியில் அதற்குப் பட்டு மாற்றுவது நான்தான், கண்களைத் திறந்துகொண்டு. மலைக்கு அப்பால், வெள்ளிக்கிழமை தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "தங்கச்சி வளத்த மக சுகமா?" என்று கேட்க ஒருவர் இருக்கிறார்.